மணிக்கட்டு பிரேஸ்: வாங்குவதிலிருந்து கழற்றுவது வரை

கால் வழுக்கியது மூளைக்கு உறைப்பதற்குள் கை தானாக முன்னால் நீண்டுவிடும். உடம்பு எடை முழுவதும் விரிந்த உள்ளங்கையில் வந்து இறங்கும். மணிக்கட்டுச் சுளுக்கு பெரும்பாலும் வருவது இப்படித்தான். எங்கும் விழாமலே வலியோடு வருகிறவர்களும் உண்டு: நாளெல்லாம் தட்டச்சு செய்பவர், கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி ஓய்ந்துபோன அம்மா, மூட்டு தேய்ந்த பெரியவர். எல்லோருக்கும் யாராவது ஒருவர் சொல்வது ஒன்றுதான்: "ஒரு பிரேஸ் வாங்கிப் போடு."

பிரேஸ் என்பது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தும், பட்டை வைத்த உறை. சரி, எந்த பிரேஸ்? அதை யாரும் சொல்வதில்லை. கைக்குக் கிடைத்ததை வாங்கி, முடிந்தவரை இறுக்கிக் கட்டி, வலி போகும்வரை கழற்றாமல் இருப்பதுதான் பலர் செய்வது. இந்த மூன்றுமே தப்பு. பிரேஸ் எதையும் குணப்படுத்துவதில்லை. காயம் ஆறும்வரை மணிக்கட்டை நாம் தொந்தரவு செய்துவிடாமல் தடுத்து வைப்பது மட்டும்தான் அதன் வேலை. அதனால் எந்த அசைவைத் தடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். எப்போது தடையை நீக்குவது என்று யோசித்துவிட்டுப் போட வேண்டும்.

முதல் படி: இது சுளுக்குதானா?

அவசரப்பட்டுத் தாண்டிவிடக் கூடாத படி இது.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கின்றன. கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஒன்றின் பெயர் ஸ்கேஃபாய்ட். கையை ஊன்றி விழும்போது இந்த எட்டில் அதிகம் உடைவது அதுதான். உடைந்தாலும் கை கோணாது, வீக்கம் பெரிதாக இருக்காது, விரல்கள் அசையும். "வெறும் சுளுக்கு" என்று நாமே தீர்ப்பு சொல்லிவிட ஏற்ற காயம். முதல் நாள் எக்ஸ்ரேயில்கூட அது தெரியாமல் போகலாம்.

ஒரு சோதனை உண்டு. கட்டைவிரலை விறைப்பாக மேல்நோக்கி நீட்டுங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரமாக, புடைத்து நிற்கும் நாண்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி விழும். மறுகை விரலால் அந்தக் குழியை அழுத்துங்கள். சுருக்கென்று வலித்தால் பிரேஸ் வாங்கக் கிளம்பாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும், முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். சில இடங்களில் நேராக எம்ஆர்ஐ எடுத்துவிடுவார்கள். இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம், இந்த எலும்புக்குள் ரத்தம் முக்கியமாக விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் உடைந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமில்லாமல் பட்டுப்போகலாம். அன்று சுளுக்கு என்று விட்டது, பல வருடம் கழித்து மூட்டுத் தேய்மானமாகத் திரும்பி வரும்.

அழுத்தி வலிக்கவில்லை என்பதாலேயே முறிவு இல்லை என்றாகிவிடாது. கை கோணலாகத் தெரிந்தாலோ, விரல்கள் வெளுத்தோ மரத்தோ குளிர்ந்தோ போனாலோ, ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாவிட்டாலோ அன்றே போய்விடுங்கள். விழாமல், இடிபடாமல், மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் அடித்தால் அது தொற்றாக இருக்கலாம். அதுவும் அவசரம்தான். வளரும் பிள்ளைகளும் எலும்பு மெலிந்த முதியவர்களும் கையூன்றி விழுந்து வலி இருந்தால், அறிகுறிகளை எண்ணிக்கொண்டிருக்காமல் படம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: வலி எங்கே இருக்கிறதோ, அதற்கேற்ற பிரேஸ்

எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடித்திருக்கும் நார் இழுபட்டோ கிழிந்தோ போவதுதான் சுளுக்கு. வலி மணிக்கட்டைச் சுற்றிப் பொதுவாக இருக்கும், வளைக்கும்போது கூடும். இதற்குத் தேவை உள்ளே உலோகத் தகடு வைத்த பிரேஸ். உள்ளங்கையில் தொடங்கி முன்கையின் பாதிக்கு மேல் வரும், மணிக்கட்டை மேலும் கீழும் மடங்க விடாது, விரல்களும் கட்டைவிரலும் வெளியே இருக்கும்.

வலி கட்டைவிரல் பக்கம் மட்டும் இருந்தால் கதையே வேறு. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடி, கையை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். உயிர் போகிற மாதிரி வலித்தால், கட்டைவிரலை இழுக்கும் இரண்டு தசைநாண்கள் அவற்றின் உறைக்குள் உரசுகின்றன என்று சந்தேகப்படலாம். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வேன் 1895இல் இதை விவரித்தார், நோய்க்கும் அவர் பெயரே வைத்துவிட்டார்கள். குழந்தையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கும் அம்மாக்களுக்கு இது அடிக்கடி வரும். இவர்கள் சாதாரண மணிக்கட்டு பிரேஸ் போட்டால், வலிக்குக் காரணமான கட்டைவிரல் மட்டும் சுதந்திரமாக ஆடிக்கொண்டிருக்கும். கட்டைவிரலுக்கும் தகடு ஏறும் ஸ்பைக்கா வகைதான் வேண்டும். அதிலும் கட்டைவிரலின் நுனிக் கணு மடங்கலாம்.

கட்டைவிரல் உள்ளங்கையில் சேரும் அடிமூட்டில் தேய்மானம் இருந்தால், சாவி திருகும்போதும் மூடி திறக்கும்போதும் அங்கேயே குத்தும். அதற்குக் கட்டைவிரலின் அடியை மட்டும் பிடிக்கும் குட்டை பிரேஸ் போதும். மணிக்கட்டையும் சேர்த்துப் பூட்டினால் வேலைதான் கெடும்.

இரவில் கை மரத்து விழிப்பு வருகிறது, உதறினால் சரியாகிறது, மரமரப்பு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி என்று இருக்கிறது, சுண்டுவிரல் தப்பிக்கிறது என்றால் கார்ப்பல் டனல் பிரச்சினையாக இருக்கலாம். மணிக்கட்டின் உள்பக்கம் உள்ள குறுகலான குகை போன்ற பாதையில் மீடியன் நரம்பு நசுங்குகிறது. மணிக்கட்டு நேராக இருக்கும்போது அந்தப் பாதைக்குள் அழுத்தம் மிகக் குறைவு. எந்தப் பக்கம் மடங்கினாலும் ஏறும். தூக்கத்தில் நாம் கையைச் சுருட்டி வைத்துக்கொள்வதால்தான் இரவில் தொல்லை. அதனால் இந்த பிரேஸைப் போட வேண்டியது முக்கியமாக இரவில்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. கடையில் தயாராகக் கிடைக்கும் பல பிரேஸ்களில் தகடு 20 அல்லது 30 டிகிரி பின்னோக்கி வளைந்தே வரும். பொருளைப் பிடிக்க அந்தக் கோணம் வசதி, நசுங்கிய நரம்புக்கு அது ஆகாது. நல்லவேளையாகத் தகடு பெரும்பாலும் அலுமினியம்தான். பையிலிருந்து உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கி, பழையபடி செருகிக்கொள்ளலாம். உள்ளங்கைக் குழிவுக்கான சின்ன வளைவு அப்படியே இருக்கட்டும், மணிக்கட்டு வரும் இடம் மட்டும் நேராகட்டும்.

சுண்டுவிரல் பக்கம் வலி, கதவுப் பிடியைத் திருகும்போதோ நாற்காலிக் கையை ஊன்றி எழும்போதோ கூடுகிறது என்றால், அங்கே உள்ள குருத்தெலும்பு மெத்தை அடிபட்டிருக்கலாம். நேரான பிரேஸ் முன்கை திருகுவதைத் தடுக்காது, அதனால் இவர்களுக்கு அரைகுறை உதவிதான். மணிக்கட்டைச் சுற்றி மட்டும் கட்டும் குறுகலான பட்டை சிலருக்கு ஒத்துவரும். எதற்கும் முதலில் காட்டிவிடுவது மேல்.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு வேலை செய்ய ஒன்று, விரல்களையும் சேர்த்து இளைப்பாற வைக்க ஒன்று என்று இரண்டு வகை கொடுப்பார்கள். இதைக் கை அளவெடுத்து உருவாக்கித் தரும் சிகிச்சையாளரிடம் விட்டுவிடுங்கள். தகடே இல்லாத மீள்துணி உறை கதகதப்பும் லேசான அழுத்தமும் தரும், "கை பத்திரம்" என்று ஞாபகப்படுத்தும். எதையும் தடுக்காது. எடைதூக்குபவர்கள் சுற்றும் பட்டையும் தகடு வைத்த பிரேஸுக்கு மாற்று ஆகாது.

மூன்றாம் படி: அளவு

தையல் டேப்பை மணிக்கட்டு எலும்புப் புடைப்புக்கும் கைக்கும் இடையே, கடிகாரம் கட்டும் இடத்தை ஒட்டிச் சுற்றி, சதை அமுங்காமல் அளவெடுங்கள். சில நிறுவனங்கள் கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கைச் சுற்றளவு கேட்கும். அட்டைப்பெட்டியில் எந்த இடத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அளந்தால் போதும். வீக்கம் இருக்கும்போது அளந்தால் அது வடிந்த பிறகு தொளதொளக்கும். இரண்டு அளவுக்கு நடுவே வந்தால், வெல்க்ரோ நீளமாக உள்ள பெரிய அளவை எடுங்கள். இடது, வலது பார்த்து வாங்குங்கள்.

நான்காம் படி: போடுவது

1. மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அடிபட்ட கையில் வீக்கம் விரலுக்கு இறங்கும், அப்புறம் மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

2. தோல் சுத்தமாக, முழுக்கக் காய்ந்து இருக்கட்டும். க்ரீம், தைலம் தடவிய சூட்டோடு மேலே பிரேஸைப் போட்டு மூடாதீர்கள், தோல் வெந்ததுபோல் எரியும். வியர்க்கும் கை என்றால் தையல் இல்லாத மெல்லிய பருத்திக் குழாயுறை ஒன்றை உள்ளே போட்டுக்கொள்ளலாம்.

3. எல்லாப் பட்டைகளையும் முழுக்கத் தளர்த்திவிட்டுக் கையை நுழையுங்கள். பெரிய தகடு பெரும்பாலான பிரேஸ்களில் உள்ளங்கைப் பக்கம் வரும், அதன் வளைவு உள்ளங்கைக் குழிவில் போய் உட்கார வேண்டும். (நான் முதன்முதலில் வாங்கியதைப் புறங்கைப் பக்கம் தகடு வரும்படி நான்கு நாள் போட்டுக்கொண்டு திரிந்தேன். "என்ன பிரேஸ் இது, கையைக் கிழிக்கிறது" என்று வீட்டில் புலம்பல் வேறு.)

4. பிரேஸின் மேல் விளிம்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். விரல்களின் அடியில் உள்ளங்கையைக் குறுக்காக வெட்டும் ரேகைக்குக் கீழேயே அது நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஏறினால் விரல்கள் அடியோடு மடங்காது, சில வாரத்தில் விறைத்துக்கொள்ளும்.

5. கையை நேராக வைத்துக்கொண்டு முதலில் மணிக்கட்டின் மேல் வரும் நடுப்பட்டையைக் கட்டுங்கள், கை இடத்தில் நிற்கும். பிறகு உள்ளங்கைப் பட்டை, கடைசியாக முன்கைப் பட்டை. முன்கைப் பட்டையை மற்ற இரண்டையும்விட லேசாகத் தளர்த்திக் கட்டலாம், அங்கே தசை உப்பித் தளரும்.

6. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே மறுகையின் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறுக்கம், இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் தொளதொளப்பு.

கட்டி முடித்ததும் முஷ்டி மடக்கிப் பாருங்கள், கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். சாதாரண மணிக்கட்டு பிரேஸில் இரண்டும் முடிய வேண்டும். அப்புறம் ஒரு நகத்தை அழுத்திவிடுங்கள். வெளுத்த நகம் 2 நொடிக்குள் சிவப்புக்குத் திரும்பினால் ரத்த ஓட்டம் சரி. அரைமணி கழித்துக் கழற்றி, தோலில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். கால்மணி நேரத்தில் மறையாத தடம், அந்த இடத்தில் பிரேஸ் அழுத்துகிறது என்று அர்த்தம். சர்க்கரை நோயால் உணர்வு குறைந்தவர்கள் இதை "வலிக்கவில்லையே" என்று விடாமல் தினமும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

பல நேரம் சிக்கல் மறுநாள்தான் வரும். வீக்கம் ஏறுவதால், காலையில் சரியாக இருந்த பட்டை மாலையில் கயிறாகும். விரல் மரக்கிறது, நீலம் பாய்கிறது, வலி முன்பைவிடக் கூடுகிறது என்றால் தளர்த்துங்கள். தளர்த்தியும் மாறாவிட்டால் கழற்றிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ஐந்தாம் படி: முதல் இரண்டு மூன்று நாள்

சுளுக்கு புதிது என்றால் பிரேஸ் மட்டும் போதாது. ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், சில மணிக்கு ஒரு முறை வையுங்கள், நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். உட்காரும்போது கையைத் தலையணை மேல், நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், உருவிவிடுவது வேண்டவே வேண்டாம். புதுச் சுளுக்கை "எடுத்துவிடுகிறேன்" என்று யார் கையை இழுக்க வந்தாலும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளுங்கள். உள்ளே உடைந்திருக்கும் ஸ்கேஃபாய்ட் அவர் விரலுக்குத் தெரியாது.

ஆறாம் படி: எவ்வளவு நேரம், எத்தனை நாள்

லேசான சுளுக்கு என்றால் ஒன்றிரண்டு வாரம். நார் பாதி கிழிந்த நடுத்தரச் சுளுக்குக்கு மூன்று முதல் ஆறு வாரம்வரை போகலாம், அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். முழுதாகக் கிழிந்ததற்கு பிரேஸ் விடை இல்லை, அறுவை தேவைப்படலாம். முதல் சில நாள் குளிக்கவும் பயிற்சிக்கும் தவிரப் போட்டிருக்கலாம். தூங்கும்போது ஒரு சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

கார்ப்பல் டனலுக்குக் கணக்கு வேறு. ஒவ்வொரு இரவும், குறைந்தது 6 வாரம். மூன்று நாள் போட்டுவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று மூலையில் எறிபவர்கள்தான் அதிகம். 6 வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையாவிட்டால் ஊசி, நரம்புப் பரிசோதனை, அறுவை என்று அடுத்த கட்டம் இருக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கை மேடு வற்றத் தொடங்கினாலோ மரமரப்பு பகலிலும் விடாமல் இருந்தாலோ அந்த 6 வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

தேய்மானத்துக்கு நாள் கணக்கே இல்லை. மூட்டுக்குப் பாரம் தரும் வேலையின்போது போட்டு, முடிந்ததும் கழற்றிவிடலாம். நாள் முழுக்கப் போட்டிருந்தால் வலி குறையும், கூடவே பிடிபலமும் குறையும்.

பிரேஸோடு தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்டிய மணிக்கட்டின் வேலையை முழங்கையும் தோளும் எடுத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் தோள் வலிக்க ஆரம்பித்தால் ஆச்சரியப்படாதீர்கள். விசைப்பலகை உயரத்தைச் சரிசெய்வதும் இடையிடையே எழுவதும் பல நேரம் பிரேஸைவிட அதிகம் செய்யும். வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள்: மணிக்கட்டு மடங்காமல் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சட்டென்று பிடிக்க முடியாது. அடுப்பருகே போகும்போதும் கவனம், பிரேஸில் உள்ள நுரைப்பஞ்சும் நைலானும் எளிதில் பற்றிக்கொள்ளும்.

ஏழாம் படி: கழற்றுவது

பிரேஸ் போட்ட முதல் நாளிலிருந்தே விரல்கள் அசைய வேண்டும். முழுக்க நீட்டு, கணுக்களை மட்டும் மடக்கிக் கொக்கிபோல் செய், முழு முஷ்டி, மறுபடி நீட்டு. ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளுக்கு நான்கைந்து தடவை. முழங்கையையும் தோளையும் சும்மா வைக்காதீர்கள்.

வீக்கம் வடிந்து, ஓய்வில் வலி இல்லாமல் போனதும், முறிவோ முழுக் கிழிசலோ இல்லையென்று தெரிந்திருந்தால், ஒரு நாளைக்கு மூன்று தடவை கழற்றி மணிக்கட்டை மேல், கீழ், பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். இழுப்பு தெரியலாம், குத்தல் தெரியக் கூடாது. முன்கையை மேசையில் கிடத்தி, கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கினால் செய்ய வசதி.

அப்புறம் ஒரேயடியாக விடாமல் படிப்படியாக விடுங்கள். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் இல்லாமல், இரண்டு நாள் கழித்து அரைநாள், அதன்பின் பாரம் தூக்கவும் கூட்டத்தில் போகவும் மட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மறுநாள் காலையில் மணிக்கட்டைக் கேளுங்கள். நேற்றைவிட வலியும் வீக்கமும் கூடியிருந்தால் ஒரு படி பின்வாங்கி இரண்டு நாள் அங்கேயே இருங்கள். ஈரத்துணி பிழிவதும் தரையில் கையூன்றி எழுவதும் கடைசியில்தான் திரும்ப வரும். அசைவு வந்தும் பலம் வராவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டிடம் இரண்டு மூன்று தடவை போவது வீண்போகாது. இரண்டு வாரத்தில் துளியும் முன்னேற்றம் இல்லையென்றால் பிரேஸை மாற்றிப் பார்க்காமல் நோயறிதலைச் சந்தேகப்படுங்கள்.

பராமரிப்பு

தகட்டை உருவிவிட்டு, வெல்க்ரோவை ஒட்டி மூடி, லேசான சோப்பில் கையால் அலசி நிழலில் காயவைத்தால் போதும். வெல்க்ரோவைத் திறந்து போட்டால் மற்ற துணிகளின் நூலையெல்லாம் பிடித்துக்கொண்டு பிடிப்பு போய்விடும். பிளாஸ்டிக்கில் அளவெடுத்து உருவாக்கியது என்றால் வெயில், வெந்நீர், ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், இளகி வடிவம் மாறும். பட்டை நழுவத் தொடங்கினாலோ தகடு தானாக வளைய ஆரம்பித்தாலோ தூக்கிப் போடுங்கள். அடுத்த தடவை கை சுளுக்கியதும் பரணிலிருந்து எடுத்துப் போட வைத்திருப்பதாக இருந்தால், உள்ளே இருக்கும் தகடு யாருடைய எந்தக் கைக்கு எப்படி வளைத்தது என்று முதலில் உருவிப் பாருங்கள்.